வலது செட்டை

முதல் வண்டை நான் இரண்டு தரம் கொன்றேன்.

உப்புவெளிச் சந்தி விளக்கின் கீழே
மல்லாந்து கிடந்து கால் உதைத்த காண்டாமிருக வண்டு.
கைலேஞ்சியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
யூலை மாதம். கச்சான் காற்று
யன்னல் கொக்கிகளை ஆட்டிக்கொண்டிருந்தது.

பல்லுக் கட்டுகிற கூடத்தில் எனக்கு வேலை.
பிளாஸ்டருக்குப் பஞ்சமில்லை.
ஜாம் போத்தலின் அடியில் ஒரு விரல் தடிப்புக்கு ஊற்றி
காயவிட்டு
நகப்பூச்சு அழிக்கிற தண்ணியைக் குடிக்கக் கொடுத்தேன்.
வெள்ளைக்கல் உறிஞ்சிக்கொண்டது.
மூடியைத் திருகினேன்.
பத்து நிமிடம் உதைத்தது. பிறகு இல்லை.

வண்டென்றால் வலது செட்டையில்தான் குத்தவேண்டும்.
நடுவில் குத்தினால் இரண்டு பக்கமும் கெட்டுவிடும்,
வலது கெட்டாலும் இடது மிஞ்சும்.
படித்தவுடன் பிடித்துப்போன ஒரே விதி:
சேதத்தை ஒரு பக்கமாய் வைத்துக்கொள்.

ஊசிக்கு எங்கே போவது?
கடைத்தெருவில் கேட்டால்
'சாரிக்குக் குத்தவா தங்கச்சி?' என்கிறார்கள்.
கடைசியில் பல்லுக்கம்பியை வெட்டி
அரத்தில் தேய்த்துக் கூராக்கினேன்.
கறள் பிடிக்காது.
மூன்று பக்கமும் கடல் மூச்சுவிடும் ஊருக்கு
அதுதான் தோது.

தொலைக்காட்சிப் பெட்டியோடு வந்த ரெஜிபோம் துண்டில்
ஆறு காலையும் விரித்து
குறுக்கும் நெடுக்குமாய் ஊசி நட்டு
படுக்கப் போனேன்.

விடியப்புறம் ஒரு கீறல் சத்தம்.
'எலி' என்றான் பத்மலோஜன் நித்திரையில், என் பக்கம் திரும்பாமலே.
விளக்கைப் போட்டேன்.
முதுகில் ஊசியோடு
மேசை நுனிவரை நடந்து வந்திருந்தது.

அப்படியே அள்ளி ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு
உறைபெட்டியில், சூரைத் துண்டுகளுக்குப் பக்கத்தில்
இரண்டு நாள்.
இப்போதும் அந்தக் கதவைத் திறக்க முன்
முதலில் காதைத்தான் கொடுக்கிறேன்.
டப்பாவில் பத்மலோஜன் எழுதி ஒட்டினான்:
'இது கறிக்கில்லை.'

ஓகஸ்டில் வண்ணத்துப்பூச்சி.
கன்னியா வீதியோரத்து எருக்கலையில் பிடித்தது.
எருக்கலை தின்று வளர்ந்த உடம்பு கசக்குமாம்,
காகம் தொடாதாம்.
பள்ளம் வெட்டிய பலகை, எண்ணெய்த்தாள் கீலங்கள்.
முன்செட்டையின் கீழ்விளிம்பு
உடம்புக்குச் செங்குத்தாய் வரும்வரை
மூச்சைப் பிடித்தபடி நகர்த்தினேன்.
விரலில் ஒட்டிய செம்மஞ்சள் தூள்
மத்தியானச் சோற்றோடு போனது.

அடியில் துண்டுச்சீட்டு:
திருகோணமலை, கன்னியா வீதி.
ஓகஸ்ட் 19.
பிடித்தவர் ச. வினோதரஞ்சினி.
இடமும் நாளும் இல்லாத பூச்சி வெறும் குப்பையாம்.
குறுணியளவு எழுத்து.
நோயாளிகளின் இலக்கம் எழுதிப் பழகிய கை,
நடுங்கவில்லை.

பூச்சியுருண்டை வாங்க மறந்தேன்.
நான்காம் நாள் பார்க்கிறேன், சிற்றெறும்புகள் வந்துபோய்விட்டன.
காகத்துக்குத் தெரிந்த கசப்பை
எறும்புக்கு யாரும் சொல்லவில்லை.
ஊசி நேராய் நின்றது.
ஊசியில் சீட்டு.
இடம் இருந்தது, நாள் இருந்தது,
என் பெயர் இருந்தது.

எங்கள் கூடத்தின் மேல்தட்டில்
ஒரு மேல்வரிசைப் பல் இருக்கிறது, டப்பாவோடு.
'நல்லையா, வரோதயநகர், பெப்ரவரி 6.'
அளவு கொடுக்க வந்தவர், எடுக்க வரவில்லை.
தொலைபேசியில் ஒரு பெண்
'பிறகு சொல்லுறம்' என்று வைத்துவிட்டாள்.
நஸ்லிமா தட்டைத் துடைக்கிறபோதெல்லாம்
அதைத் தூக்கி, துடைத்து, அதே இடத்தில் வைக்கிறாள்.
எறிவோமா என்று
நானும் கேட்டதில்லை.

வெறும் ஊசியைச் சீட்டோடு
வண்டுக்குப் பக்கத்தில் நட்டேன்.
நாலு மூலையிலும் உருண்டைகள்.
மூடிவிளிம்பை மெழுகால் அடைத்தேன்,
எங்கள் பல்லுமெழுகு, முரசின் நிறம்.

நேற்றிரவு சந்தி விளக்கின் கீழே
இன்னொன்று மல்லாந்து கிடந்தது.
கொம்பில்லாதது, பெண்.
குனிந்து ஒரு விரலால் புரட்டிவிட்டேன்.
மதிலோரப் புல்லுக்குள் போனது.

இரக்கமென்று நினைக்காதீர்கள்.
கையில் போத்தல் இல்லை.