இருபத்திரண்டாவது நரி

வாலுக்கு அடியில், தையலோடு தையலாக,
கட்டைவிரல் நக அகலத்தில் ஒரு நாடா.
என் கடையின் பெயர். டுலூத், மினசோட்டா.
பிப்ரவரி. பேட்ச் 17.
சட்டம் கேட்பது அவ்வளவுதான்.
துவைத்தால் மை போகக் கூடாது,
பிள்ளை இழுத்தால் நாடா வரக் கூடாது.

முதல் வருஷம் முணுமுணுத்துக்கொண்டே தைத்தேன்.
மாதம் நாற்பது பொம்மை செய்கிறவளுக்கு
தொழிற்சாலைக்காரன் சடங்கெல்லாம் எதற்கு?
கார் நிற்க வேண்டிய கொட்டகையில்
ஒரு தையல் மிஷின், ஒரு ஹீட்டர்,
பஞ்சு மூட்டைமேல் தூங்கும் பூனை.
இதில் எது உற்பத்திப் பிரிவு?

ஆனால் நோட்டில் பொய் எழுதியதில்லை.
துணி எந்தக் கடை, பஞ்சு எந்த மூட்டை,
நூற்கண்டு எப்போது பிரித்தது.
பேட்ச் 17: ஆரஞ்சு ஃபிளானல் நரிகள், இருபத்திரண்டு.
காதுக்கு, தள்ளுபடியில் வாங்கிய பழுப்பு நூல்.
ஏரிக்காற்று கதவைப் பிடித்து உலுக்கிய வாரம் அது.
இரண்டு முறை கரண்ட் போனது.
வாடகைக்கு எழுபது டாலர் குறைந்தது.
அதற்கெல்லாம் நோட்டில் கட்டம் கிடையாது.

மே மாதம் ஃபார்கோவிலிருந்து ஓர் உறை.
உள்ளே ஒரு காது.
“மகள் வாயில் இருந்தது. விழுங்கவில்லை.
உங்களுக்குச் சொல்லவேண்டுமென்று தோன்றியது.
டெல்ஃபின் ஆஸ்ட்பி.”
திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மிச்ச நூலை இழுத்துப் பார்த்தேன்.
நனைந்த காகிதம்போல் சத்தமே இல்லாமல் அறுந்தது.

அரசாங்கத்துக்குப் படிவம் நிரப்பினேன்.
பிறகு தொலைபேசி.
பிஸ்மார்க், ஓ கிளேர், எல்லை தாண்டி தண்டர் பே.
ஒரு நரியை நாய் தின்றுவிட்டதாம்.
(நாய் நலம்.)
ஒரு நரி அலமாரி உச்சியில்,
விலைச்சீட்டுகூடக் கழற்றாமல்.
ஒன்றைத் திருப்பித் தர முடியாது என்றார் ஒருவர்.
ஏன் என்று அவர் சொல்லவில்லை.
கொஞ்ச நேரம் இருவரும் வைக்காமல் இருந்தோம்.
அந்த வரியில் ‘தெரியும்’ என்று எழுதினேன்.

இருபத்தொன்று.
கடைசி வரியில் என் கையெழுத்து சொன்னது:
தேவாலய அடித்தளச் சந்தை, சனி, ரொக்கம், சிவப்புத் தொப்பி.
மார்ச்சில், டுலூத்தில்,
சிவப்புத் தொப்பி போடாதவர் யார்?

நூலகத்தில் ஒட்டினேன், குழந்தை மருத்துவர் வாசலில் ஒட்டினேன்.
மழை மையைக் கரைத்தது. மறுபடி ஒட்டினேன்.

ஆகஸ்டில் துணி துவைக்கும் கடை.
உலர்த்தி சுற்றுகிறது, அதன் முன்னால் ஒரு பயல்,
கக்கத்தில் ஆரஞ்சு நரி.
கேட்காமலே குனிந்து வாலைத் தூக்கிவிட்டேன்.
நாடா இருந்த இடத்தில்
கத்தரிக்குத் தப்பிய இரண்டு தையல்.
“அது இவனைக் குத்தியது, வெட்டிவிட்டேன்,”
என்றாள் தாய், என்னை ஏற இறங்கப் பார்த்து.
எப்போது வாங்கியது? நினைவில்லை.
யார் கொடுத்தது? இவன் அப்பாவின் அக்கா,
இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

காதை இழுத்தேன்.
வரவில்லை.
இன்னும் பலமாக இழுக்க
அந்தப் பயலின் முகம் விடவில்லை.

பழுப்பு நூல்தான். ஆனால்
பேட்ச் 15க்கும் பழுப்பு நூல். அது நல்ல நூல்.

நான் யாரென்று சொன்னேன்.
புதிதாக ஒன்று தருகிறேன் என்றேன்.
தாய் சரியென்றாள். அவன் இல்லையென்றான்.
கைப்பையில் ஊசி இருந்தது, நம்பகமான நூலும்.
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து
இரண்டு காதையும் மும்மூன்று சுற்று தைத்தேன்.
நரியின் மூக்கை அவன் பிடித்துக்கொண்டான்,
வலிக்காமல் இருக்க.
பல்லால் நூலைக் கடித்ததும் நானே இழுத்துப் பார்த்தேன்,
இந்த முறை முகத்தைப் பார்க்காமல்,
முழு பலத்தோடு.

இரவு நோட்டைப் பிரித்தேன்.
கண்டெடுத்தது, கிடைக்காதது, இரண்டே கட்டம்.
நடுக்கோட்டின் மேலேயே
பென்சிலால் எழுதினேன்:
22. இருக்கலாம்.

மருத்துவர் வாசலில் தாளை மறுபடி ஒட்ட வேண்டும்.
நேற்று மழை.