சும்மா

மெல்க்போஸ்ட்ராண்டில் எங்கள் சோதனைக் கொட்டகை
நாலு மாடி உயரம்; உள்ளே ஒரு மாடியும் கிடையாது.
இருப்பது ஒரே குழாய் வளையம்.
அடியில் சூட்டுப் பெட்டி, உச்சியில் குளிர்த்தொட்டி,
இடையில் ஒரு பம்ப்.
அதைச் சாகடிக்கத்தான் இரவு கூடியிருந்தோம்.

பத்து மணிக்கு என்று நிரலில் போட்டிருந்தேன்.
ஒன்பது நாற்பதுக்கே நகராட்சி முந்திக்கொண்டது:
ஆறாம் கட்ட மின்வெட்டு.
வெட்டு அட்டவணையை ஒருவரும் பார்க்கவில்லை,
நிரல் போட்ட நான் உட்பட.

விளக்கு போயிற்று. விசிறி போயிற்று.
பம்பின் முனகல் இறங்கி இறங்கிப்
படுத்துக்கொண்டது.
சூட்டுப் பெட்டிக்கு மட்டும் செய்தி எட்டவில்லை,
எண்ணூறு கிலோ இரும்பு, கனன்றபடி.
அணைத்த அடுப்பில் பால் பொங்கிப் பார்த்திருப்பீர்கள்.
அணு உலையும் உலைதானே.
நிறுத்திய நொடியிலும்
நூற்றில் ஆறு பங்குச் சூட்டை மடியில் வைத்துக்கொண்டு
எடுத்துப்போக யார் வருவார் என்று பார்த்திருக்கும்.

பாட்டரியில் பிழைத்த ஒரே மானி.
அதன்மேல் மூன்று கைபேசி வெளிச்சம்.
பூஜ்யம்.
ஒரு நிமிடம் கழித்தும் பூஜ்யம்.
லுவான்டிலே மூச்சை அடக்குவது எனக்குக் கேட்டது.
மூன்றாம் நிமிடம் முள் இடப்பக்கம் சாய்ந்தது:
தண்ணீர் வந்த வழியே திரும்புகிறது!
ஆறு வருட ஆய்வேடு
ஒரு கழித்தல் குறியில் தொங்கியது.

அந்த நேரம் பார்த்துக் கணவரின் செய்தி:
‘கராஜ் கதவு திறக்கவில்லை. என்ன செய்ய?’
சிவப்புக் கயிறு, குபேந்திரன்.
சிவப்புக் கயிற்றை இழு.
ஒவ்வொரு வெட்டுக்கும் சொல்கிறேன்.

நிமிர்ந்தபோது
முள் பூஜ்யத்தைத் தாண்டி
வலப்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.
சுட்டது லேசாகி ஏற,
ஆறியது கனத்து இறங்க,
ஏவ ஆளில்லாத ஓட்டம்.

“எப்படிக் கிளம்பியது?” என்றான் லுவான்டிலே.
குழாயைப் பற்றவைத்த டியோன் ஆப்ரஹாம்ஸ்
தோளைக் குலுக்கிச் சொன்னார்: “சொம்மர்.”
அஃப்ரிகான்ஸில் அதற்குப் பொருள்
காரணமென்று ஒன்றில்லை, அப்படியே.
என் காதில் அது சும்மா என்றே விழுந்தது.

சும்மாவா?
இந்த உயரத்துக்காக மூன்று பட்ஜெட் கூட்டத்தில் சண்டை.
ஒரு வளைவைப் பாதி பாகை திருத்த
டியோன் தன் பற்றவைப்பை நாலு முறை அறுத்தார்.
வராமல் இருப்பதற்காக எவ்வளவு வந்திருக்கிறோம்.

பதிவேட்டை முழங்காலில் வைத்து எழுதினேன்.
தொடங்கிய நேரம்: 9.40.
இயக்கியவர் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
கோடு போட்டுவிட்டேன்.

கைபேசி மறுபடி மினுங்கியது:
‘கதவு திறந்துவிட்டது.
கெட்டிலுக்கும் ஏதாவது கயிறு உண்டா?’