பத்து முடிச்சு, இரண்டு தமனி

காலை ஆறரை. ரூவியில் ஏசி
இப்போதே இருமத் தொடங்கிவிட்டது.
நேற்று மாலை யாரோ ஒருவரின்
வலது இடுப்புக் குழியிலிருந்து ஊசி கொண்டுவந்தது
ஒரு சேமியாத் துண்டு நீளம்தான் இருந்தது, நிறமும் அதுவே.
இரவெல்லாம் எந்திரத்தில் ஊறி
இன்று மெழுகுக்குள் கிடக்கிறது.

மூன்று மைக்ரானுக்குச் சீவுகிறேன்.
மூச்சு விட்டால் பறந்துவிடும்,
அதனால் விடுவதில்லை.
வெந்நீரில் விரித்து, கண்ணாடியைச் சாய்த்து
பாலாடையைத் தூக்குவதுபோல் தூக்குகிறேன்.

டாக்டர் பத்ரியா முதலில் எண்ணுவார்.
பத்து முடிச்சாவது வேண்டும், இரண்டு தமனியாவது.
குறைந்தால்
எதையும் அடித்துச் சொல்லமாட்டார்.

முடிச்சு என்பது என் வார்த்தை.
கிண்ணத்துக்குள் சுருண்ட ரத்த நூற்கண்டு.
அதைச் சுற்றி நுண்குழல்கள்,
வளையல் பெட்டியில்போல இடைவெளி விடாமல்.
ஒவ்வொரு குழலையும் பிடித்து நிறுத்துவது
ஓர் அடிச்சவ்வு.
சாயம் போட்டால் பீட்ரூட் நிறத்தில்
ஒரே ஒரு கோடு.

இன்று அந்தக் கோட்டுக்கு உள்ளே
கடுகு சிந்தியிருக்கிறது.
நிணவணுக்கள்.
குழலின் செல்களுக்கு நடுவே
முழங்கையால் இடம் பண்ணி உட்கார்ந்திருக்கின்றன.
ஒரு குழலில் ஏழு. அடுத்ததில்
எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

இந்த இடத்தில் விசாவையும் கஃபீலையும்
விமான நிலைய வரிசையையும் இழுத்துவர
எனக்கும் கை அரிக்கிறது.
வேண்டாம்.
இவற்றுக்கு யார்மீதும் கோபம் கிடையாது.
உடம்பைக் காக்கச் சொன்னது, காக்கின்றன.
அதுதான் சிக்கலே.

பதினொரு மணிக்கு லேப் ஜன்னலில் ஒருவர்.
பெயர் சீனி உதுமான், கீழக்கரை,
மத்ராவில் பாத்திரக் கடை.
என் அரபியைக் கேட்டதுமே தமிழுக்கு மாறிவிட்டார்.
நேற்று வந்த ஊசி, மீரா லெப்பை பேருல.

நீங்கள் என்ன உறவு என்றேன்.
சட்டைக்கு மேலே
இடது விலாவின் கீழே கை போனது.
'காக்காவைப் பத்திக் கேக்க வரலம்மா.
கடைக் கணக்குல முறிஞ்சு
அவுகளும் நானும் பேசிப் பதினாலு மாசமாச்சு.
நான் கேக்குறது என்னுதை.
அது எப்படி இருக்குது?'

முடிவை நோயாளியிடம்தான் சொல்வார்கள் என்றேன்.
கொடுத்தவர் என்று ஒரு கட்டம்
எங்கள் படிவத்தில் எங்குமில்லை.

தலையாட்டினார். போகவில்லை.
'அதுக்குத் தண்ணி நெறைய வேணும்.
எனக்குத் தெரியும்,
நாப்பத்தோரு வருஷம் எங்கிட்ட இருந்தது.
அவுக கடையில நின்னா
சாயங்காலம் வரைக்கும் ஒரு வாய் குடிக்க மாட்டாக.
சொல்லி வைங்க.
நான் சொன்னதா வேணாம்.'

மதியம் அறிக்கை தயார்.
தமனிச் சுவர் சுத்தம். முடிச்சு பன்னிரண்டும் நலம்.
நிராகரிப்பு குழல்களோடு நிற்கிறது.
மூன்று நாள் ஸ்டீராய்டு.
பெரும்பாலும் அடங்கிவிடும் என்றார் பத்ரியா.
பெரும்பாலும் என்பதை
அரபியில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை சொன்னார்.

எல்லோரும் சாப்பிடப் போனபின்
ஸ்லைடை மறுபடி வைத்துப் பார்த்தேன்.
குழலின் ஒவ்வொரு செல்லும், அதன் உட்கருவும்,
இன்றைக்கும் சீனி உதுமானுடையவை.
சிந்திய கடுகெல்லாம் மீரா லெப்பையுடையவை.
பதினாலு மாதமாக முகம் பார்க்காதவர்கள்
மூன்று மைக்ரான் தடிமனில்
உரசிக்கொண்டு இருந்தார்கள்.
ஃபோகஸை மேலும் கீழும் திருப்பினேன்.
எந்த ஆழத்திலும் அப்படியே.

மிச்ச மெழுகுக் கட்டிக்கு எண் எழுதி
இழுப்பறையில் போட்டேன்.
பிறகு வார்டுக்கு போன் செய்து
ஒன்பதாம் படுக்கை தண்ணீர் குடிக்கிறாரா என்று கேட்டேன்.
அளந்துதான் கொடுக்கிறோம் சிஸ்டர்,
யார் கேட்கச் சொன்னது?

லேப், என்றேன்.