பதினேழரை

வீட்டு எண் இரண்டாயிரத்து நானூற்றுப் பதினேழு.
பர்பேங்க்கில் விமானங்கள் தாழப் பறக்கும் தெரு.
பின்னால், எலுமிச்சைக்கு அப்பால்,
கார் நிற்க வேண்டிய கொட்டகைக்கு
நுபார் வைத்த எண் பதினேழரை.
தகர இலக்கங்கள் கடையில் கிடைத்தன;
அரைக்கு மட்டும் அவனே பெயின்ட் குழைத்தான்.
தபால்காரர் ஏற்றுக்கொண்டார்.
மாநகராட்சியை நாங்கள் கேட்கவில்லை.

ஜன்னல்கள் இடிபட்ட ஒரு பள்ளியிலிருந்து.
குளியல்தொட்டி விவாகரத்தான பல் டாக்டரிடமிருந்து.
மின்சாரம் எங்கள் சமையலறையிலிருந்து:
தோட்டத்து ரப்பர் குழாய்க்குள் புகுந்து
மண்ணுக்கடியில், திருடனைப்போல் அல்ல,
மருமகனைப்போல் உரிமையோடு போனது.

அவன் போனபின் அதுதான் எனக்குப் பென்ஷன்.

ஏழு வருடமாக நொஹேமியும் அவள் மகனும்.
ஒன்றாம் தேதி உறையில் பணம்,
உறைமேல் ஸ்பானிஷில் மாதத்தின் பெயர்.
ஒப்பந்தம் இல்லை, ரசீது இல்லை.
ஆண்டுதோறும் வரும் படிவத்தில்
'குடியிருப்புகளின் எண்ணிக்கை' என்ற கட்டத்தில்
ஒன்று என்று எழுதுவேன்.
பேனா ஒருநாளும் தயங்கியதில்லை.

பிப்ரவரியில் கடிதம் வந்தது. புகார்.
கொடுத்தது யாரென்று சொல்லமாட்டார்களாம்.
எண்ணிலேயே ஏழரை குந்தியிருந்ததை
யார் கவனித்தோம்.
எதிர்வீட்டுக்காரன்தான் என்று முடிவுகட்டி
அந்த ஈஸ்டருக்கு அவனுக்கு ரொட்டி அனுப்பவில்லை.

ஆய்வாளர் பிங்கம் சின்னப் பையன்.
காலணிக்கு நீல உறை மாட்டிக்கொண்டு
உள்ளே வந்து அளவுநாடாவை நிமிர்த்தினான்.
ஆறடி ஒன்பது. "ஏழு வேண்டும், அம்மா."
நுபார் ஐந்தடி நாலு.
தன் தலையை அளந்து கூரை வைத்தான்.
சட்டம் இத்தனை உயரம் என்று
அவனுக்கு யார் சொன்னார்கள்?

பிறகு பையனின் கட்டிலோரம் குனிந்து
பிளக் மூடியைக் கழற்றினான்.
உள்ளே கரி.
பிளாஸ்டிக் உருகி, வழிந்து,
வழிந்தபடியே நின்றிருந்தது.
"எத்தனை நாளாக?" என்றான் என்னைப் பார்த்து.
நான் நொஹேமியைப் பார்த்தேன்.
நொஹேமி கட்டிலைப் பார்த்தாள்.

நவம்பரில் சொன்னாள், கருகல் வாசனை என்று.
கிறிஸ்துமஸுக்கு முன், பொறி பறந்தது என்று.
மூன்றாம் முறை ஒன்றும் சொல்லவில்லை,
சார்ஜரின் வெந்த முனையை
என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனாள்.
அடுத்த மாதம் என்றேன்.
அடுத்த மாதம், என் வீட்டில்
எடுக்க எடுக்கக் குறையாத சாமான்.

எதிர்வீட்டுக்காரன் எழுதவில்லை.

புரிந்த கணமே வாய் முந்திக்கொண்டது:
"உப்புத் தின்ற வீட்டுக்கே..."
அவள் குரல் உயரவில்லை.
"உப்புக்கு மாதம் ஆயிரத்து நூறு டாலர்
கொடுத்தேன், அராக்ஸி."
ஏழு வருடத்தில் முதல்முறையாக
முன்னால் ஒரு 'சென்யோரா' இல்லாமல்.

வக்கீல் சொல்கிறாள்,
அனுமதியில்லாத அறைக்கு வாங்கிய வாடகை
சட்டப்படி வாடகையே அல்ல என்று.
அப்படியானால் எண்பத்து மூன்று உறைகளில்
வந்தது என்ன?
பதில் சொல்லாமல் அவளும் கட்டணம் வாங்கினாள்.

கூரையைத் தூக்க வேண்டாம்,
தரையைத் தோண்டினால் போதுமாம்.
எலக்ட்ரீஷியன் மண்ணிலிருந்து
குழாயை உருவி எடுத்தான், நீளமாக, ஈரமாக.
நடுவில் எலி கடித்த இடம்.
கோடியில் நுபார் போட்ட முடிச்சு,
கறுப்பு நாடா வரிவரியாக, பிசகாமல்.
அதை மட்டும் வெட்டித் தரச் சொன்னேன்.
எதற்கு என்று கேட்டான்.
தெரியவில்லை, வெட்டு என்றேன்.

இந்த ஆண்டுப் படிவத்தில்
அந்தக் கட்டத்துக்கு மேல் பேனா நின்றது.
இரண்டு. கோணலாக விழுந்தது.

கதவில் ஒட்டிய சிவப்புத் தாள்
அரையை மறைத்துவிட்டது,
ஆனாலும் கடிதங்கள் வழி மறக்கவில்லை.
பையனின் மதிப்பெண் அட்டை வந்திருந்தது.
என் செலவில் அவர்கள் தங்கும் மோட்டலுக்கு
எடுத்துப் போனேன்.
நொஹேமி சங்கிலியைக் கழற்றவில்லை.
கதவுக்கும் நிலைக்கும் நடுவே
மூன்று அங்குலம்.
அட்டை போவதற்கு
அது போதுமானதாக இருந்தது.