கழற்றிய சாமான்

பஸ்ஸில் ஏற்றும்போதே கண்டக்டர் கேட்டார்:
"கிரைண்டருங்களா?"
ஆமாம் என்றேன்.
ஹவாயன் கிட்டாருக்கு ஆம்ப்ளிஃபயர் என்று
அவிநாசி வரைக்கும் விளக்க
எனக்குத் தெம்பில்லை.
எதுவானாலும் அதே லக்கேஜ் டிக்கெட்தான்.

ஏழு மாதமாக முனகுகிறது.
ஸ்விட்சைப் போட்டதும் ஆரம்பித்துவிடும்,
அடுத்த தெருக் கல்யாணத்தில்
ஜெனரேட்டர் ஓடுகிற மாதிரி.
போன வைகாசியில் ஒரு ரிசப்ஷன் மேடைக்கு
மாப்பிள்ளையின் சித்தப்பா ஏறி வந்து
"உள்ள ஏதோ வண்டு மாட்டிக்கிச்சாட்ட இருக்குதுங்க" என்றார்.
பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

திருப்பூரில் முதல் கடை
போர்டையே மாற்றணும், ஒன்பதாயிரம் என்றது.
இரண்டாவது, திறக்காமலே தூக்கிப் பார்த்து
"பழைய இரும்புக்கு நல்ல வெயிட்டுங்க" என்றது.
மூன்றாவது வாங்கி வைத்துக்கொண்டு
நாற்பது நாள் நாளைக்கு என்றது.
திருப்பித் தந்தபோது
நாலு ஸ்க்ரூவில் இரண்டைக் காணோம்.
முனகல் மட்டும் முழுசாக இருந்தது.

கணபதியில்,
மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறையின் பின்னால்
தகர ஷீட்டுக்கு அடியில் கலாமணி.
மில் மிஷின்களின் போர்டுதான் அவருக்குச் சோறு போடுவது.
"இந்த மாதிரி நான் பாத்ததில்லீங்க"
என்றார் எடுத்ததும்.
அந்த ஒரு வார்த்தைக்காகவே
நம்பி விட்டுவிட்டு வரலாம் என்றிருந்தது.
அவர் விடவில்லை.
"கிட்டாரக் கொண்டாரலீங்களா?
என்ன சத்தம் வரோணும்னு தெரியாம
எந்தச் சத்தத்த எடுக்கறது?"

அடுத்த ஞாயிறு கிட்டாரோடு போனேன்.
லேத்துகளுக்கு லீவு.
மடியில் படுக்கவைத்து
இரும்புக் கட்டையை நரம்பின்மேல் இழுத்தேன்.
ஒரு காதைப் பொத்திக்கொண்டு
மற்றதால் கேட்டார்.
"நீங்க நிறுத்துங்க."
பிறகு அதை மட்டும் கேட்டார், ரொம்ப நேரம்.
"இது கரண்டு பாடறதுங்க."

மூடியைக் கழற்றியவர் கையை வைக்கவில்லை.
இரண்டு ஒயரில் தொங்கிய குண்டு பல்பை
உள்ளே ஓரிடத்தில் ஒற்றினார்.
பிளக் பிடுங்கிக் கிடந்த பெட்டிக்குள்ளிருந்து
பல்பு ஒரு தரம் கண் விழித்து மூடியது.
"இப்பத் தொடலாங்க."

வயிறு உப்பிய கண்டென்சர் மூன்று.
சோல்டரில் தலைமுடி கணக்காய் ஒரு விரிசல்.
நோட்டில் எழுதித் தேதி போட்டார்.
வியாழக்கிழமை வாங்க.

புதன்கிழமை போன் வந்தது.
"நாளைக்கு ஆகாதுங்க. சாமான் வந்து சேரல.
வீணா பஸ்ஸேறிப் போடாதீங்க."
ஆகாது என்று சொல்ல ஒரு கடையிலிருந்து
என்னைக் கூப்பிட்டது
என் ஆயுளில் அதுதான் முதல்.

அறுநூற்று எழுபது ரூபாய்.
கழற்றிய சாமானை ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு
"இது உங்களுதுங்க" என்று தந்தார்.
இரண்டு ஸ்க்ரூவும் புதிது.
அதற்குக் காசில்லை.

ராத்திரி வீட்டில் ஸ்விட்சைப் போட்டேன்.
சிவப்பு விளக்கு எரிகிறது,
சத்தமே இல்லை.
நம்பாமல் பிளக்கை ஒருமுறை அழுத்திவிட்டு
நரம்பை இழுத்தேன்.

கேட்டது என் கை.
ஒவ்வொரு சுரத்துக்கும்
அரை நெல் மேலே போய் நிற்கிறது.
ஜி-க்குச் சற்று மேலே நின்று முனகும் அதோடு
ஒட்டி ஒட்டி வாசித்துப் பழகியிருக்கிறேன்,
ஏழு மாதமாக.
ஏழு மாதம் என்றுதான் இப்போதைக்குச் சொல்லமுடியும்.
கீபோர்டு ஏசுவடியான்
என் பக்கம் திரும்பாமலே வாசிப்பது
ஞாபகம் வந்தது.

கலாமணிக்குப் போன் போட்டேன்.
"நல்லாருக்குதுங்களா?"
"எல்லாமே கேக்குதுங்க."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"அதுக்கு நம்மகிட்டப் பார்ட்டு இல்லீங்க."

பையை ஜன்னல் கட்டையில் வைத்தேன்.
பின்னால் பனியன் கம்பெனியில் நைட் ஷிஃப்ட்,
ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருக்கிறது.
அதோடு சேர்ந்துகொள்ளாமல்
கட்டையை நகர்த்துகிறேன்,
கீழே,
இன்னும் கொஞ்சம்.