கை

வளைவில் ஓடுகிறவளுக்கு நாடா தெரியாது.
பதினோரு வருடம், ஏழு நாடு,
எப்போதும் நான் மூன்றாவது ஆள்.
ஜஸ்லீனுக்கு என்னால் தெரிந்த தமிழ்
ஒரே ஒரு சொல்:
கை!
கத்தினால், திரும்பாமல் பின்னால் நீட்டுவாள்.

ஜகார்த்தாவில் நீட்டினாள்.
குச்சி தரையில் உருண்டது.

மொரப்பூர் டீக்கடையில் இன்னும் கேட்கிறார்கள்,
'யாரு மேலம்மா தப்பு?'
நான் விட்டேன். அவள் பிடித்தாள்.
நடுவே ஒரு நொடியில் பத்தில் ஒன்று இருந்தது,
அதற்கு ஆள் கிடையாது.
சர்க்கரை கம்மியா, என்பேன்.

இப்போது இதே ஸ்டேஷனில் டிக்கெட் பரிசோதனை.
போன செவ்வாய், ஈரோடு வண்டி நகர்ந்துவிட்டது.
தர்மபுரியில் பட்டுக்கூடு விற்றுவந்த அம்மாள் ஒருத்தி
காசுப்பையை பெஞ்சில் விட்டுவிட்டாள்.
கறுப்புக் கோட்டோடு ஓடினேன்.
வலது தொடையில் பழைய தையல் இழுத்தது,
நடைமேடை சரியத் தொடங்கியது.
கை! என்று கத்திவிட்டேன், பழக்கத்தில்.

கதவுக் கம்பியைப் பிடித்தபடி
என் முகத்தை நேராகப் பார்த்து
வாங்கிக்கொண்டாள்.

பார்த்தும் வாங்கலாம் போலிருக்கிறது.

மூச்சு அடங்க வெகுநேரம் ஆனது.
ஜஸ்லீனின் எண் மாறிவிட்டதா, தெரியவில்லை.