நட்சத்திரக் குறிக்கு மேலே

டோர்ஸ்ஹவ்ன் துறைமுகத்தில் மழை பக்கவாட்டில் பெய்கிறது.
மீன் கிடங்கின் கணினிகளுக்கெல்லாம்
ஒரே ஸ்கிரிப்ட் எழுதுகிறாள் ரன்வா.
முதல் வரியிலேயே யூநேம்:
நீ யார்?

லினக்ஸ், என்றன பதினொன்று, கேட்டு முடிக்குமுன்.
கணக்கர் துமாஸின் மேக்
டார்வின் என்றது;
கடையில் ஒரு பேர், வீட்டில் ஒரு பேர்.
விண்டோஸ் பெட்டி சிக்வின் சட்டையை மாட்டிக்கொண்டு
பதிப்பு எண்ணோடு நீட்டி முழக்கியது.

ஊர் பேர் தெரியாதவற்றுக்கு
ஒரு நட்சத்திரக் குறி போட்டிருந்தாள்:
'தெரியாது' என்று அச்சிட்டு வெளியேறு.

இரண்டு முறை அச்சானது.

தேடிப் போனாள். கானாங்கெளுத்திப் பெட்டிகளுக்குப் பின்னால்
எல்லோரும் கையுறை காயப்போடும் வெதுவெதுப்பான பலகை.
பலகையல்ல, சன் ஓஎஸ்.
எடைமேடையின் எண்களை
யாரும் கேட்காமலே
பத்தொன்பது வருடமாய் எழுதிக்கொண்டிருக்கிறது.

"அணைத்துவிடலாமே" என்றார் துமாஸ்.
"அப்புறம் கையுறையை எங்கே காயப்போடுவீர்கள்?"

நட்சத்திரத்துக்கு மேலே ஒரு வரி சேர்த்தாள்.
கேஸ் என்று திறந்ததை
அதே எழுத்துகளைத் திருப்பிப் போட்டுத்தான்
மூடவேண்டும் ஷெல்லில்.
மூடினாள். ஓடவிட்டாள்.

இன்னொரு 'தெரியாது'
இன்னும் வந்துகொண்டிருக்கிறது,
கட்டடத்துக்குள் எங்கிருந்தோ.